காப்பெற் வீதிக்குப் பொலிமர் தார்: மல்லாவிப் பக்க உள்வீதிக்கு இது சரிவருமா?

குளக்கட்டான்

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவிக்கு உள்ளே எங்கள் ஊருக்குப் போகும் வீதி 2 கிலோமீற்றர். இன்னும் கிறவல்தான். மாரியில் சேறு, சிறுபோக வெட்டுக் காலத்தில் புழுதி. இந்த முறை காப்பெற் (தாரும் சல்லியும் சூடாகக் கலந்து விரிக்கும் மேல்ப்படை) போடும் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. ஊர்க்கூட்டத்துக்கு வந்த கொந்தராத்துக்காரர் ஒருவர் ஒரு கதையை எடுத்துவிட்டார்: "சாதாரண தார் ஐந்து வருஷம், பொலிமர் கலந்த தார் பதினைந்து வருஷம். வித்தியாசக் காசை வெளிநாட்டுச் சங்கத்திடம் வாங்கித் தாருங்கள், நான் போட்டுத் தருகிறேன்."

சங்கமும் சம்மதிக்கும் போலத்தான் இருக்கிறது. ஆனால் அது ஆட்கள் குளிரில் நின்று உழைத்து அனுப்பும் காசு. இந்தப் பொலிமர் என்ன சாமான், சொன்ன மாதிரி வேலை செய்யுமா, எங்கள் வீதிக்கு அது வேண்டுமா? வீதி வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கினால் அடுத்த கூட்டத்தில் பேச வசதியாக இருக்கும்.

ரொறன்ரோ வன்னியன்

நான் அந்தச் சங்கத்தில் இருப்பவன். இங்கே பெரிய நெடுஞ்சாலைகளில் பொலிமர் தார்தான் போடுகிறார்கள். கனமான ட்ரக்குகள் இரவு பகலாக ஓடுகின்றன, வீதி தாங்குகிறது. அதோடு இந்தியாவில் பிளாஸ்ரிக் கழிவைக் கலந்தும் வீதி போடுகிறார்களே, அதையும் பார்க்கலாம். ஊரில் வேலிக்கு வேலி பொலித்தீன் பறக்கிறது. அதைப் பொறுக்கி வீதியில் போட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஒருமுறை செய்வதை உருப்படியாகச் செய்வோம் என்பதுதான் எங்கள் எண்ணம்.

ரிப்பர்ப்பொடியன்

காப்பெற் வந்தால் சரி அண்ணை. என்ன கலந்தால் என்ன. அந்தக் கிறவலில் ஓடி என் வண்டியின் ஸ்பிரிங் இலை இரண்டு போய்விட்டது.

சல்லிக்கல்

வடக்கில் வீதி வேலைகளில் பொறியியலாளராக இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்பெற் கலவையில் எடைக்கணக்கில் 95 சதவீதம் கல்லும் தூளும். தார் 5 சதவீதம் சொச்சம். கல்லைப் பிடித்து வைத்திருப்பது அந்த 5 சதவீதம்தான். எங்கள் நாட்டில் வழமையாகப் பாவிப்பது 60/70 தரத் தார் (அந்த எண் தாரின் கெட்டித்தன்மையைக் குறிப்பது, வெப்பநிலையை அல்ல). அது கிட்டத்தட்ட 50 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். வன்னி வெயிலில் மத்தியானம் காப்பெற்றின் மேற்பரப்பு 60 பாகையைத் தாண்டிவிடும். அதாவது ஒவ்வொரு கோடையிலும் தார் இளகிய நிலையில்தான் பாரமான வண்டியைத் தாங்குகிறது. வண்டி வேகமாகப் போனால் அவ்வளவு கேடில்லை. ஊர்ந்தால், பிறேக் பிடித்தால், நின்றால் கலவை பக்கவாட்டில் நகரும். பஸ் தரிப்பிடங்களிலும் புகையிரதக் கடவைகளுக்கு முன்னாலும் சில்லுப் போகும் தடம் குழிந்து, நடுவில் வரம்பு மாதிரிப் புடைத்து நிற்பது இதனால்தான்.

இதற்குத்தான் பொலிமர். உலகத்தில் அதிகம் பாவிப்பது எஸ்பிஎஸ் என்று சொல்லும் ஸ்டைரீன்-பியூட்டாடையீன்-ஸ்டைரீன். நீண்ட சங்கிலி மூலக்கூறு. நடுவில் பியூட்டாடையீன் என்ற இறப்பர், இரண்டு முனைகளிலும் ஸ்டைரீன். ஸ்டைரீன் முனைகள் ஏறக்குறைய 100 பாகை வரை கெட்டியாக நிற்கும், பல முனைகள் ஒன்றுகூடி முடிச்சாகும். நடுவிலுள்ள இறப்பர் கடுங்குளிரிலும் விறைக்காது. 170, 180 பாகையில் தாரோடு சேர்த்து அரைக்கும்போது முடிச்சுகள் அவிழும், ஆறும்போது மறுபடி விழும். கடைசியில் தாருக்குள் ஓர் இறப்பர் வலை பரவி நிற்கும். தாரின் எடையில் 3 முதல் 6 சதவீதம் போட்டாலே இந்த வலை கிடைக்கிறது. இளகும் வெப்பநிலை 60 பாகைக்கு மேல் ஏறும், நல்ல கலவையில் 70ஐயும் தாண்டும். சில்லு அமுக்கிவிட்டுப் போனபின் தார் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால் தடம் குழிவதும் குறையும், திரும்பத் திரும்ப வளைந்து களைத்து வெடிப்பதும் தள்ளிப்போகும்.

வன்னியன் அண்ணை, உங்கள் ஊரில் பொலிமர் செய்யும் வேலையில் பாதி வேறு. அங்கே பனிக்காலத்தில் தார் விறைத்து குறுக்காக வெடிக்கும், அதற்கும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். எங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. எங்களுக்கு வெயில், பாரம், பிறகு மாரித் தண்ணீர். முதல் இரண்டுக்கும் பொலிமர் நல்ல மருந்து. மூன்றாவதைப் பற்றிக் குளக்கட்டானிடம் கேட்க வேண்டியிருக்கிறது. வீதி எந்த மண்ணில் போகிறது? தண்ணீர் எங்கே வடிகிறது? எந்த வண்டிகள் வருகின்றன?

பதினைந்து வருஷம் என்றாரே, அதற்கு எழுத்தில் உத்தரவாதம் தருவாரா என்றும் கேளுங்கள்.

பழைய ஓவசியர்

அந்தப் பிள்ளை கடைசியில் கேட்ட கேள்வியைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் வீதியோடு கிடந்தவன் நான். இந்தப் பக்கம் உள்வீதிகள் வெயிலில் உருகிக் கெட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. தண்ணீரால் கெட்டவைதான்.

மல்லாவியில் எங்காவது காப்பெற் கிடங்கு விழுந்த இடம் இருந்தால், ஓரத்தில் ஒரு துண்டைக் கம்பியால் நெம்பி எடுத்துத் திருப்பிப் பாருங்கள் தம்பி. மேல்ப்பக்கக் கல் கறுப்பாக இருக்கும். அடிப்பக்கக் கல் வெள்ளை வெளேரென்று, தார் ஒட்டியிருந்த அடையாளமே இல்லாமல் இருக்கும். கையால் தட்டினால் உதிரும். தண்ணீர் அடியால் புகுந்து தாரைக் கல்லிலிருந்து உரித்துவிட்டது என்று அர்த்தம். மேலே பார்க்கும்போது வீதி நன்றாகத்தான் தெரியும். ஒரு மாரி வரும், ஒரு நெல் லொறி போகும், கிடங்கு விழும்.

வீதி வயலை விட எவ்வளவு உயரம்?

குளக்கட்டான்

நன்றி அக்கா, நன்றி ஐயா. இப்போதுதான் இதையெல்லாம் யோசிக்கிறேன்.

முதல் 600 மீற்றர் மேட்டு நிலம், செம்மண், பிரச்சினையில்லை. அப்புறம் வயல்வெளி. அந்த இடத்தில் வீதியும் வயல் வரம்பும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். மண் கறுப்பு. கோடையில் கால் பெருவிரல் போகிற அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் செருப்போடு ஒட்டும். கடைசித் துண்டு குடிமனை, மணல் கலந்த மண்.

மதகு ஒன்று. ஹியூம் பைப் (கொங்கிறீட்டுக் குழாய்), பாதி மண் அடைத்துவிட்டது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் வீதிக்கு மேலால் தண்ணீர் போனது, இரண்டு நாளாக ஓட்டம் ஓயவில்லை.

வண்டி: நெல் லொறி, வெட்டு மெஷின் ஏற்றிவரும் லொறி, உழவு இயந்திரம். வீடு கட்டுகிறவர்களுக்கு மணல், கல் ரிப்பர். பஸ் காலை ஒன்று மாலை ஒன்று.

சல்லிக்கல்

கறுப்பு மண் என்றதும் விஷயம் தெரிந்துவிட்டது. முருங்கன், துணுக்காய்ப் பக்கம் இருக்கும் அதே குறுமுசோல் களி. ஈரம் ஏறினால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் நேராகக் கிறவலும் ஏபிசியும் (காப்பெற்றுக்கு அடியில் இறுக்கும் சல்லிக்கலவை) போட்டு காப்பெற் விரித்தால், வீதியின் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும், ஓரங்கள் மட்டும் மாரிக்கு ஊதி கோடைக்குச் சுருங்கும். இரண்டு வருஷத்தில் ஓரத்தோடு நீளமாக ஒரு வெடிப்பு ஓடும். அந்த வெடிப்பால் தண்ணீர் இறங்கும். எஸ்பிஎஸ் போட்டாலும் சரி, தங்கத்தையே கரைத்து ஊற்றினாலும் சரி, அடியில் மண் அசைந்தால் மேலேயுள்ள 5 சென்ரிமீற்றரால் ஒன்றும் செய்ய முடியாது. சேற்றின்மேல் விலை கூடிய பாய் விரித்த கதைதான்.

அந்தத் துண்டில் செய்யவேண்டியது: மண்ணைக் குறிப்பிட்ட ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு நல்ல கிறவல் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் நீற்றிய சுண்ணாம்பு 3 முதல் 6 சதவீதம் கலந்து கிளறி, ஈரம் பார்த்து, றோலர் போட வேண்டும். சுண்ணாம்பு களியோடு வினைபுரிந்து அதன் ஊதும் குணத்தைக் குறைத்துவிடும். எத்தனை சதவீதம் என்பதை மண்ணைச் சோதித்துத்தான் சொல்லலாம். பிறகு வீதி மட்டத்தை உயர்த்த வேண்டும். வாய்க்காலை வீதி ஓரத்தோடு ஒட்டி வெட்டாமல் தள்ளி வெட்ட வேண்டும்.

ரொறன்ரோ வன்னியன்

தங்கச்சி, நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் இரண்டையும் செய்தால் என்ன? அடியையும் சரிப்படுத்தி மேலே பொலிமரும் போட்டால் இன்னும் கூடக்காலம் நிற்குமே.

மதுரைக்காரன்

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். பிளாஸ்டிக் ரோடு பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அது எங்கள் ஊர் சமாச்சாரம். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கொண்டுவந்த முறை. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002 வாக்கிலேயே போட்டார்கள். 2013இல் இந்தியச் சாலைப் பேரவை இதற்கென்று வழிகாட்டி நெறிகளே வெளியிட்டது.

இங்கே சிலர் நினைக்கிற மாதிரி பிளாஸ்டிக்கைத் தாரில் கரைப்பதில்லை. ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக வெட்டிய பாலித்தீனை அதன்மேல் தூவுவார்கள். அது உருகிக் கல்லைச் சுற்றி மெல்லிய படலமாகப் படியும். அதற்கு மேல்தான் தார். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக். படலம் இருப்பதால் கல் தண்ணீரை உறிஞ்சுவது குறைகிறது, தாரும் நன்றாகப் பிடிக்கிறது. ஓவசியர் ஐயா சொன்ன உரியும் வியாதிக்கு இது நல்ல வைத்தியம். கவனம், பிவிசி மட்டும் கலக்கவே கூடாது. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வரும், வேலை செய்பவர்களுக்கு ஆபத்து.

சல்லிக்கல்

மதுரைக்காரருக்கு நன்றி, சரியாகச் சொன்னீர்கள். எஸ்பிஎஸ் ஒரு வேலை, பாலித்தீன் படலம் வேறு வேலை. பாலித்தீன் கலவையைக் கெட்டியாக்கும், ஆனால் எஸ்பிஎஸ் மாதிரி மீண்டெழும் இறப்பர்க் குணம் அதில் வராது. இரண்டையும் "பொலிமர்" என்று ஒரே பெயரில் விற்பதால்தான் இவ்வளவு குழப்பம். அதனால் கொந்தராத்துக்காரர் என்ன பொலிமர் போடப்போகிறார் என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அங்கேயே பேச்சை நிறுத்தலாம்.

வன்னியன் அண்ணையின் கேள்விக்குக் கணக்கில் பதில் சொல்கிறேன். வீதி 2 கிலோமீற்றர், அகலம் 4 மீற்றர், தடிப்பு 5 சென்ரிமீற்றர் என்று வைப்போம். 400 கனமீற்றர் கலவை. கனமீற்றருக்கு 2.4 தொன் வீதம் 960 தொன். அதில் தார் 5 சதவீதம், 48 தொன். அதில் எஸ்பிஎஸ் 4 சதவீதம் என்றால் 2 தொன்னுக்குச் சற்றுக் குறைவு. அளவைப் பார்த்தால் சின்னதுதான், இல்லையா? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

பொலிமர் தாரைப் பெரலில் வாங்கி வந்து அவ்விடத்திலேயே கலக்க முடியாது. அரைத்துக் கலக்கும் இயந்திரம் வேண்டும், சூடு குறையாமல் கிளறிக்கொண்டே இருக்கும் தனித் தாங்கி வேண்டும். சும்மா வைத்தால் பொலிமர் மேலே மிதந்து தார் அடியில் தங்கிவிடும். அப்புறம் கலவை ஆலையிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் தூரம். பொலிமர் கலவை தடிப்பானது, சாதாரண கலவையை விடச் சூடாக இருக்கும்போதே விரித்து றோலர் போட்டு முடிக்க வேண்டும். வழியில் ஆறிவிட்டால் இறுகாது. இறுகாத காப்பெற்றில் காற்றிடைவெளி 8 சதவீதத்துக்கு மேல் போனால் மழைத்தண்ணீர் அதற்குள்ளாலேயே இறங்கும். அந்த நிலையில், ஆறிப்போன பொலிமர் காப்பெற்றை விட ஒழுங்காக இறுக்கிய சாதாரண காப்பெற் எவ்வளவோ மேல்.

கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 மாதிரிப் பெருவீதியில் ஐம்பது கிலோமீற்றர் போடும்போது இதெல்லாம் கட்டுபடியாகும். 48 தொன் தாருக்காக ஆரும் தாங்கியைக் கழுவிப் பொலிமர் ஏற்றுவார்களா? ஏற்றினோம் என்று சொல்வார்கள். அதுதான் எனக்குப் பயம்.

பிளாஸ்ரிக் முறைக்கும் இதே கணக்கு. 48 தொன்னில் 8 சதவீதம், ஏறக்குறைய 3.8 தொன் பொலித்தீன். கழுவி, காயவிட்டு, பிவிசி இல்லாமல் தரம்பிரித்து, சில மில்லிமீற்றர் துண்டுகளாக வெட்டியதாக இருக்க வேண்டும். சொப்பிங் பையைக் கையில் தூக்கிப் பாருங்கள், ஒரு தொன் சேர எத்தனை பை வேண்டும் என்று விளங்கும். ஒரு கிராமத்தால் அது ஆகாது. மாவட்டம் முழுவதும் சேர்த்து, வெட்டும் மெஷினும் இருந்தால் யோசிக்கலாம்.

ரிப்பர்ப்பொடியன்

அக்கா, பாரம் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. எல்லோரும் எங்களைத்தான் திட்டுகிறார்கள்.

சல்லிக்கல்

திட்டவில்லை தம்பி, ஆனால் கணக்கு உங்களுக்குச் சாதகமாக இல்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் வளையமாக வீதிகள் போட்டு, வெவ்வேறு பாரத்தோடு லொறிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்த விதி, வீதிக்கு ஏற்படும் சேதம் அச்சுப் பாரத்தின் நாலாம் அடுக்கோடு ஏறும். அச்சில் 20 சதவீதம் கூட ஏற்றினால் சேதம் இரண்டு மடங்கு. பாரத்தை இரட்டிப்பாக்கினால் சேதம் 16 மடங்கு. மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் எத்தனை ஆயிரம் போனாலும் வீதிக்கு ஒன்றும் ஆகாது.

ரிப்பர்ப்பொடியன்

மூன்று கியூப் (ஒரு கியூப் நூறு கனஅடி) மணல் நனைந்து கிடந்தால் அதன் பாரமே வேறு, அது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு கியூப் ஏற்றி ஓடினால் டீசலுக்குக் காணாது. வாங்குகிறவர்களும் அதே விலைக்கு மூன்று கேட்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், ரிப்பரை விடக் கேடு செய்வது உழவு இயந்திரத்தின் இரும்புச் சில்லு. வயலில் இருந்து ஏறி, சில்லைக் கழற்றாமல் அப்படியே தார் வீதியால் வீட்டுக்குப் போகிறார்கள். வரி வரியாகக் கொத்துப்பட்டு இருக்கும்.

பரந்தன் வயல்

சேற்றில் நின்று அந்தச் சில்லைக் கழற்றி மாட்டிப் பாருங்கள் தம்பி, பிறகு பேசலாம். ஆனாலும் நீர் சொன்னது சரிதான். வயல் வாசலில் நாலைந்து மீற்றருக்குக் கொங்கிறீட் போட்டுக் கொடுத்தால் வீதி ஓரம் தப்பும். ஏறி இறங்கும் இடம்தானே முதலில் உடைகிறது.

எனக்கு வேறு ஒரு சந்தேகம். தார் வீதியில்தான் எல்லோரும் நெல் காயப்போடுகிறோம். பிளாஸ்ரிக், பொலிமர் எல்லாம் கலந்தால் நெல்லுக்கு ஒன்றும் செய்யாதா?

சல்லிக்கல்

எந்தத் தார் வீதியிலும் நெல் காயப்போடாமல் விட்டால் நல்லது அக்கா. பொலிமரை விட்டுத்தள்ளுங்கள், ரயர் தேய்ந்த தூளும் எண்ணெயும் ஏற்கெனவே அங்கே கிடக்கின்றன. 60 பாகைச் சூட்டில் நெல் அவசரமாகக் காய்ந்தால் மணிக்குள் கீறல் விழும், மில்லில் குறுநொய் கூடும். நட்டம் உங்களுக்குத்தான்.

பரந்தன் வயல்

குறுநொய் கூடுவது உண்மை. ஆனால் தளம் இல்லாதவன் எங்கே போடுவது? அதற்கும் ஒரு சங்கம் வந்தால் நல்லது 😀

பழைய ஓவசியர்

கல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எங்களுக்கு வரும் சல்லி பெரும்பாலும் வவுனியாப் பக்கத்துக் கருங்கல். நிலவியலில் இந்தப் பாறைத் தொகுதிக்கே வன்னித் தொகுதி என்றுதான் பெயர். நல்ல உரமான கல், சில்லுக்குத் தேயாது. ஆனால் படிகக்கல் கூடியது. அப்படிப்பட்ட கல் தாரை விடத் தண்ணீரைத்தான் விரும்பும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் நேர்மாறு, தாரை விடாமல் பிடிக்கும், ஆனால் மென்மை, மேல்ப்படைக்குப் போட்டால் தேய்ந்து வழுக்கும்.

அதற்கு வழி கருங்கல் சல்லியோடு நீற்றிய சுண்ணாம்புத் தூள் ஒன்று, ஒன்றரை சதவீதம் சேர்ப்பது. தார் உரிவதை அது நன்றாகத் தடுக்கும். பொலிமர் விலையோடு ஒப்பிட்டால் சுண்ணாம்பு ஒரு காசா? இதைக் கேட்டு வாங்குங்கள். அந்த மனிசன் பொலிமர் என்று கதை சொன்னார், சுண்ணாம்பு என்று ஒரு வார்த்தை சொன்னாரா?

ரொறன்ரோ வன்னியன்

ஐயா, தங்கச்சி, உங்களோடு வாதாடி வெல்ல முடியாது என்று தெரிகிறது. ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். சங்கக் கூட்டத்தில் "பிளாஸ்ரிக் வீதி" என்றால் எல்லோரும் கை தூக்குவார்கள். "மதகு" என்றால் கொட்டாவி விடுவார்கள். படம் எடுத்து முகநூலில் போட மதகில் என்ன இருக்கிறது?

இன்னொன்று, எங்கள் நாட்டில் எவ்வளவு இறப்பர் இருக்கிறது. கேகாலை, களுத்துறை, இரத்தினபுரி எல்லாம் இறப்பர்த் தோட்டம். வெளிநாட்டு எஸ்பிஎஸ்ஸுக்குப் பதில் எங்கள் இறப்பரையே தாரில் போட முடியாதா? 2022இல் டொலர் இல்லாமல் வீதி வேலைகள் அப்படியே நின்றதை மறக்கக்கூடாது.

சல்லிக்கல்

இது நல்ல கேள்வி அண்ணை. முடியும். கேரளத்தில் இறப்பர் கலந்த தாரில் வீதி போட்டிருக்கிறார்கள், தாய்லாந்திலும் மலேசியாவிலும் அரசாங்கமே ஊக்குவித்திருக்கிறது. செறிந்த இறப்பர்ப் பாலில் 60 சதவீதம்தான் இறப்பர், மிச்சம் தண்ணீர். 150 பாகைத் தாரில் அதை ஊற்றினால் பொங்கி வழியும், ஆட்கள் வெந்துபோவார்கள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, பெரிய தாங்கியில், பழகியவர்கள்தான் செய்யவேண்டும். நீண்ட நேரம் சூட்டில் வைத்தால் இயற்கை இறப்பர் சிதைந்தும் விடும். பழைய ரயரைத் தூளாக்கி 15 முதல் 20 சதவீதம் போடும் முறை 1960களில் அரிசோனாவில் தொடங்கியது, அதுவும் இன்றுவரை நடக்கிறது. இவையெல்லாம் நாட்டு மட்டத்தில், வீதி அபிவிருத்தி அதிகார சபை மட்டத்தில் பேச வேண்டிய விஷயம். உங்கள் 2 கிலோமீற்றரில் பரிசோதனை செய்யக் கூடாது.

ஆனால் சின்ன வீதிக்கே பொருந்தும் ஒரு பொலிமர் வழி இருக்கிறது. முழுக் காப்பெற்றுக்குப் பதிலாக, இறுக்கிய ஏபிசியின்மேல் தார்க்குழம்பு (தாரைத் துளிகளாகத் தண்ணீரில் கலந்தது) தெளித்து சிறுசல்லி தூவி, இரண்டு படையாகச் செய்யும் முறை. பஸ் இரண்டு தரம், லொறி இடைக்கிடை என்று ஓடும் வீதிக்கு அது போதும். அந்தக் குழம்பில் இறப்பர்ப்பால் கலந்து வருவது உண்டு. கல் கழன்று பறப்பது குறையும். 180 பாகைச் சூடும் வேண்டாம், அரைக்கும் இயந்திரமும் வேண்டாம். மிச்சக் காசை அடிப்படைக்கும் மதகுக்கும் போடலாம்.

குளக்கட்டான்

அக்கா, விலைக்கணக்கையும் ஒருக்கால் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

சல்லிக்கல்

இன்றைய விலை நாளைக்கு இல்லை, அதனால் ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். கலவை விலையில் பாதி தாருக்குப் போகிறது என்று வையுங்கள். பொலிமர் தார் 40 சதவீதம் விலை கூட என்றால் கலவை 20 சதவீதம் ஏறும். அந்த 20 சதவீதம் மீள, வீதியின் ஆயுள் அதைவிடக் கூட நீளவேண்டும். பாரமும் வெயிலும் கெடுக்கும் பெருவீதியில் நீளும், சந்தேகமில்லை. ஏ9இல் அடுத்த முறை மேல்ப்படை போடும்போது பொலிமர் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன். தண்ணீரும் களியும் கெடுக்கும் உள்வீதியில் நீளாது. 20 சதவீதம் கூடக் கொடுத்தும் அதே வருஷம் அதே இடத்தில் வெடிக்கும்.

அப்படியும் கொந்தராத்துக்காரர் பொலிமர்தான் போடுவேன் என்று நின்றால், ஆலையில் தாங்கியிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். 25 பாகையில் இழுத்து நடுவில் வெட்டிவிட்டு ஒரு மணி நேரம் விடுவார்கள். பொலிமர் தார் பாதிக்கு மேல் பின்னால் சுருங்கும், சாதாரண தார் இழுத்தபடியே கிடக்கும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள்.

பழைய ஓவசியர்

ஆய்வுகூடத்துக்குப் போகாமல் ஊர்ச்சனமே பார்க்கக்கூடியவை சில உண்டு. றோலர் போய் முடிந்ததும் வீதிக்குக் குறுக்கே நூல் பிடியுங்கள். 4 மீற்றர் அகல வீதியில் நடுப்பகுதி ஓரத்தை விட 5 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் நிற்கும். கிறவலையும் ஏபிசியையும் ஒரே தடவையில் தடிப்பாகக் கொட்டி றோலர் போட விடாதீர்கள், 15, 20 சென்ரிமீற்றர் படை படையாகத்தான் போட வேண்டும். ஒவ்வொரு படையும் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று மணல் நிரப்பிப் பார்க்கும் சோதனை உண்டு, அதன் தாளைக் கேட்டு வாங்குங்கள். கலவை லொறி படங்கு மூடி வந்ததா என்று பாருங்கள். மழை தூறும்போது விரித்தால் லொறியைத் திருப்பி அனுப்புங்கள். சத்தம் போடுவார்கள், போடட்டும்.

வன்னியன் தம்பிக்கு: மதகின் கைப்பிடிச் சுவரில் சங்கத்தின் பெயரும் ஆண்டும் கொங்கிறீட்டிலேயே பொறிக்கலாம். பழைய மதகுகளில் ஆண்டு பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். பெயர்ப்பலகை காற்றுக்கு விழும், இது விழாது. படம் எடுக்கவும் வசதி.

ரொறன்ரோ வன்னியன்

😀 சரி ஐயா, அதைச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் பொலிமர் ஆட்கள் இரண்டு பேர் விடமாட்டார்கள். நானும் முழுதாக மனம் மாறவில்லை, சொல்லிவிட்டேன். குழம்பில் இறப்பர்ப்பால் என்றாரே தங்கச்சி, அதையாவது கட்டாயம் போட வேண்டும்.

குளக்கட்டான்

பிரதேச சபைக்கு எழுதும் கடிதத்தில் மூன்று விஷயம் கேட்கப்போகிறோம்: ஹியூம் பைப்புக்குப் பதில் பெட்டி மதகு இரண்டு, வயல் துண்டில் மட்டம் உயர்த்திக் களி அகற்றுவது, மேல்ப்படைச் சல்லிக்குச் சுண்ணாம்பு. சங்கக் காசு வந்தால் மதகுக்கு. பொலிமர் குழம்பு மேலதிகம் என்று எழுதுகிறோம். கொந்தராத்துக்காரரிடம் எந்தப் பொலிமர் என்று கேட்டேன். "எல்லாம் நல்ல சாமான்தான் தம்பி" என்றார்.

ரிப்பர்ப்பொடியன்

வயல் வாசலுக்குக் கொங்கிறீட்டையும் எழுதுங்கள் அண்ணை. பரந்தன் அக்கா சொன்னது நல்ல யோசனை.

பழைய ஓவசியர்

கடிதம் போகட்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை. களித்துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இப்போதே குறித்து வையுங்கள். வெடிப்பு இப்போது கண்ணுக்குத் தெரியும். ஐப்பசி மழை விழுந்தால் மூடிக்கொள்ளும், அப்புறம் அளக்க வருகிறவர் செம்மண் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

குளக்கட்டான்

நாளைக்கே கட்டை நாட்டிப் படமும் எடுக்கிறோம் ஐயா. படத்தை இங்கேயே போடுகிறேன்.